காகித மணிமாலை

பட்டாசுக் கம்பெனிக்கு எங்களை வேலைக்குக் கூட்டிப்போகும் வேனில் ஓர் அக்கா என் பக்கத்தில்தான் உட்காருவார். அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாளைச் சுருட்டி, பசை தடவி, மணி மணியாக நூலில் கோத்துக்கொண்டே வருவார். ஒருநாள் எங்கள் ஏழு பேர் கழுத்திலும் மாலை போட்டுவிட்டார். வேனுக்குள் ஒரே சிரிப்பு.

கம்பெனி வாசலில் ஃபோர்மேன் மறித்தார். "வேலைக்கு வந்தீகளா, மினுக்க வந்தீகளா? கழட்டுங்க!" தயங்கி நின்ற ஒருத்தியின் மாலையைப் பிடித்து அறுத்தார். மணிகள் மண்ணில் சிதறின.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கொலுசு உரசுனா தீப்பிடிக்கும்னீக, கழட்டிட்டோம். இது வெறுங்காகிதம்யா! நாங்க சிரிச்சா உங்களுக்கு எங்கன எரியுது?"

அன்றே அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். தன் மாலையைக் கழற்றாமலே நடந்துபோனார்.

அன்று அக்கா வாயைத் திறக்கும் முன்பே நான் என் மாலையைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தேன். ஃபோர்மேன் முகம்கூட மறந்துவிட்டது. என்மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.