ரங்கூன் பிள்ளைகளுக்குப் பந்தி பிடித்த கோலப்பன்

1949 தை மாதத்தில் பர்மாவில் ஆளுக்கொரு பக்கமாகத் துப்பாக்கி தூக்கினார்கள். அதில் ஒரு குண்டு குறிதவறி, நாகர்கோவில் கல்லூரி ஒன்றின் விடுதிச் சாப்பாட்டறையில் வந்து விழுந்தது. ரங்கூனில் கடை வைத்திருந்த தகப்பன்மாரின் மணியார்டர் நின்றது. உடனே அவர்கள் பிள்ளைகள் சத்தியராஜுக்கும் ஜெயசிங்குக்கும் விடுதியில் சோறும் நின்றது. படுக்கப் பாய் உண்டு, சாப்பிட இலை கிடையாது என்றார் வார்டன். பரீட்சையோ பங்குனிக் கடைசியில். அதுவரை வயிறு தாங்காவிட்டால் படிப்பு போகும். திரும்பிப் போக ஊரும் இல்லை.

கல்லூரி அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றியது. அதைச் சுற்றுக்கு எடுத்துப்போன பியூன் கோலப்பனுக்கு அதில் உப்போ புளியோ தட்டுப்படவில்லை. வடசேரிக்காரரான கோலப்பன், சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணத்தையும் தவறவிடாதவர் என்பதைத் தவிர வேறு சாதனை ஏதும் இல்லாதவர். அந்த ஒரே சாதனையை உலக சமாதானத்துக்கு அர்ப்பணிக்க முடிவு செய்தார்.

"மக்கா, தை பொறந்தாச்சு, முகூர்த்தத்துக்குப் பஞ்சமில்ல. பொண்ணு வீட்டுக்காரன் பாத்தா மாப்பிள்ளை வீட்டு ஆளும்பான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் பாத்தா பொண்ணு வீட்டு ஆளும்பான். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போரும்."

"திருட்டுச் சோறுல்லா அண்ணாச்சி?" என்றான் ஜெயசிங்.

"சண்டை போடுகவன் உங்கிட்ட கேட்டுட்டா போட்டான்? வேட்டியைக் கட்டுலே."

போர்க்கால நடவடிக்கை தொடங்கியது. ஊரெல்லாம் ரேஷன், ஆனாலும் கல்யாணப் பந்திக்கு அரிசி எந்த வழியாக வருகிறது என்று சர்க்காரே கேட்பதில்லை. முகூர்த்தமில்லாத நாளுக்கு மறுவீடு, புதுவீட்டுப் பால்காய்ச்சு, ஒன்றும் அகப்படாவிட்டால் செத்துப்போன யாராவது புண்ணியவானின் பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாடு. பையன்கள் சதைபோட்டார்கள். சரித்திரப் பாடம்கூடப் புரிய ஆரம்பித்தது.

மாசியில் சுசீந்திரத்தில் தாணுமாலயன் பிள்ளை மகளுக்குக் கல்யாணம். பருப்பும் நெய்யும் தீர்ந்து சாம்பார் வந்த நேரம், பெண்ணின் தகப்பனார் தாணுமாலயன் பிள்ளையே இலை இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். பையன்கள் முன் நின்றார். சிரித்தார். பிறகு சம்பந்தி மாதேவன் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"அத்தான், உங்க பிள்ளையளுக்கு அவியல் தீந்துபோச்சு, பாத்தேரா?"

"எனக்க பிள்ளையளா? உமக்க ஆளுன்னுல்லா நெனச்சேன்."

பக்கத்து இலையில் இருந்த கோலப்பன் வாய்க்குக் கொண்டுபோன எரிசேரியைத் திரும்ப இலையில் வைத்தார். 'அத்தானா?' அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று: மாப்பிள்ளை பெண்ணுக்குச் சொந்த அத்தை மகன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சொந்தம். நுழைந்து உட்கார நடுவில் இடுக்கே இல்லாத கல்யாணம்.

"எந்த வீடு மக்கா நீங்க?" என்றார் தாணுமாலயன் பிள்ளை.

சத்தியராஜ் கோலப்பன் சொல்லிக்கொடுத்த பாடமெல்லாம் மறந்து, "ரங்கூன்," என்றான்.

பந்தி கையை நிறுத்தியது. கோலப்பன் எழுந்தார்.

"நாந்தான் கூட்டிட்டு வந்தேன். அப்பன்மாரு இருக்கானுவளா செத்தானுவளான்னு தெரியாது, விடுதியிலயும் சோறு இல்ல. எனக்க இலையை எடுங்க. பிள்ளையளுக்க இலையில கை வைக்காதீங்க, பிரதமனும் பாயசமும் இன்னும் வரல்ல."

மாதேவன் பிள்ளை தொண்டையைச் செருமினார். "பந்தியில இருந்து ஆளை எழுப்பினா எனக்க மருமவளுக்கு ஆகாது. இரியும்வே." கடைசி இலை வரை கேட்கும்படி மேலும் சொன்னார்: "பரீட்சை முடியது வரை இவனுவ எனக்க வீட்டுல தின்னட்டு."

தாணுமாலயன் பிள்ளை முகம் சிவந்தது. "எனக்க பந்தியில உக்காந்தவனுக்கு நீரு சோறு போடுகதா? பொண்ணைத்தான் குடுத்தேன், மானத்தையுமா குடுத்தேன்?"

"எனக்க வீட்டுல தினம் மூணு கறி."

"எனக்க வீட்டுல அஞ்சு."

"பப்படம்?"

"பொரிச்சு வச்சிருக்கு."

ஐக்கிய நாடுகள் சபைக்கு வாய்க்காத நிதானத்தோடு கோலப்பன் இலைமுன் அமர்ந்து சொன்னார்: "அண்ணாச்சிமாரே, காலம்பற ஒருத்தரு, ராத்திரி ஒருத்தரு."

"அப்போ மத்தியானம்?" என்றார்கள் சம்பந்திகள் இருவரும்.

பேச்சுவார்த்தை மோர் வரும்வரை நீண்டது. மத்தியானம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தீர்ந்தது. காலை யாருக்கு, இரவு யாருக்கு என்பதை மட்டும் பேச மறந்துவிட்டார்கள். அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு வீட்டு வில்வண்டிகளும் விடுதி வாசலில் வந்து, ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றன. பையன்கள் புத்தகத்தோடு எதில் ஏறுவதென்று தெரியாமல் படியில் நின்றார்கள்.