முதன்முறையாகக் கடலைக் கண்ட வகுப்பு

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளில் ஒரு சூடு இருக்கும், மை லேசாகத் தீய்ந்தது போன்ற ஒரு வாசனையும் இருக்கும். பிளஸ் டூ படித்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான். பள்ளி திறந்து வாரங்கள் ஓடியும் புதிய பாடப்புத்தகம் வந்து சேராததால், திருக்கழுக்குன்றம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் சிறப்புத் தமிழ்ப் பாடத்தை இணையத்திலிருந்து இறக்கி இயல் இயலாக நகலெடுத்து, வகுப்புத் தலைவியாக இருந்த பாவத்துக்கு நான்தான் மார்போடு அணைத்துத் தூக்கி வருவேன். நெய்தல் பாடத்தின் முதல் பக்கத்தில் இருந்த கடற்கரைப் படம், நகலில் கடல் எது வானம் எது என்று தெரியாமல் முழுக்கக் கறுப்பாக விழுந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌசல்யா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாடி பாத்திமா, கரண்டு போன மாரி கீது எங்க ஊரு" என்று சிரித்தாள்.

அவள் ஊர் சதுரங்கப்பட்டினம். நாங்கள் வாயில் சொல்வது 'சட்ராஸ்'. பழைய டச்சுக் கோட்டையைத் தாண்டிய குப்பத்தில், பின்சுவர் கடலைப் பார்த்தபடி அவள் வீடு இருந்தது. கரை குறைந்து படகு ஏற்ற இடமில்லாமல் போனபின் அவள் அப்பா கேரளத்துப் படகுகளில் கூலிக்குப் போய்விட்டார். அம்மா எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் விற்றார். நான் பஜாரில் செருப்புக்கடை வைத்திருப்பவரின் மகள். பஸ் ஏறினால் கடல் என்றாலும், கடையைப் பூட்டிவிட்டு எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் எண்ணம் என் அத்தாவுக்கு வந்ததே இல்லை. கௌசி சொல்லித்தான் எனக்குக் கடல் தெரியும்.

கலைப்பிரிவில் சேர்ந்தவர்களுக்குப் பொதுத்தமிழ் போக இலக்கியத்துக்கென்றே தனியாக ஒரு பாடம் உண்டு, அதுதான் சிறப்புத் தமிழ். எங்களுக்கு முந்திய வருடம் வரை அதைப் படிக்க இலக்கியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, 'ப்ளூ பிரிண்ட்' தெரிந்தால் போதும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று காட்டும் அந்த வரைபடத்தைத் தமிழம்மா கரும்பலகையில் போட்டு, வராத பாடங்களின் மேல் குறுக்கே கோடு இழுப்பார். கோடு விழுந்த பாடத்தை அதன்பின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேல்வகுப்பு அக்காக்களின் 'கைடு' கைமாறிக் கைமாறி வரும், எந்த வரியை 'மக்கப்' அடிக்க வேண்டும் என்று அதிலேயே கோடு போட்டிருக்கும். அடுத்த தெரு அக்காவிடம் நானும் ஒரு வருடம் முன்பே சொல்லி வைத்து ஒன்று வாங்கியிருந்தேன். பாடத்திட்டம் மாறிய அன்று அது எடைக்குப் போடக்கூட லாயக்கில்லாமல் போனது.

புதிய புத்தகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியாக அது வந்து சேர்ந்தபோது அழகாகவே இருந்தது. வண்ணப்படங்கள் இருந்தன, யோசிக்க வைக்கும் கேள்விகள் இருந்தன, பக்கத்துக்குப் பக்கம் கைப்பேசியில் பிடித்துப் பார்க்கச் சொல்லும் கட்டக் குறிகளும் இருந்தன. கைப்பேசியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் அந்தக் கட்டங்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் நெய்தல் பாடத்தை நடத்தியபோது கௌசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் காத்திருக்கும் பெண், காயும் மீன், கழி, தாழை என்று பாடத்தில் வந்ததெல்லாம் அவள் வாசலில் இருந்தவை. "நம்ம வூட்டு சமாச்சாரத்துக்கு மார்க்கு குடுக்கறாங்கடி, செங்கல்பட்டு காலேஜில சேந்து தமிழே படிச்சிட்றேன்" என்று அன்று பஸ் நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். எதையும் அவள் அப்படி ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

வினாத்தாள் முறையும் மாறியது. 'ப்ளூ பிரிண்ட்' கிடையாது, எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம், மாணவர் சொந்தமாகச் சிந்தித்து எழுத வேண்டும் என்றார்கள். மாதிரி வினாத்தாளில் ஒரு கேள்வி: 'நெய்தல் பாடல் காட்டும் கடற்கரையை உங்கள் சொந்த அனுபவத்தோடு ஒப்பிட்டு எழுதுக.' எத்தனை நல்ல கேள்வி! அதைப் பார்த்துப் பயந்தது நாங்கள் இல்லை, ஆசிரியர்கள். ஊர் ஊராக ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விடை தேடப்பட்டு, யாரோ எழுதிய ஒரு 'சொந்த அனுபவம்' எங்கள் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. தமிழம்மா அதை வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம். "பள்ளி விடுமுறை நாளொன்றில் என் தந்தையாருடன் மாமல்லபுரம் சென்றேன். வாழ்வில் முதன்முறையாக அன்றுதான் கடலைக் கண்டேன். நீல நிற அலைகள் ஓடி வந்து என் பாதங்களைத் தழுவின. சிப்பி ஒன்றைக் கண்டெடுத்து என் தந்தையாரிடம் நீட்டினேன்" என்று போகும் அது. ஒரு வகுப்பு முழுக்க அத்தனை பெண்களுக்கும் ஒரே அப்பா, ஒரே விடுமுறை, ஒரே சிப்பி.

கௌசி எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க வூடே கடலாண்டதான் கீது. நான் எப்டி மொத தபா பாத்தேன்னு எழுதறது?"

வகுப்பே சிரித்தது. தமிழம்மா சிரிக்கவில்லை. "கேள்வியில சொந்த அனுபவம்னு போட்டிருக்குன்னு ஆளாளுக்குக் கதை எழுதிட்டு வந்தா திருத்தறவங்க எதை வெச்சு மார்க் போடுவாங்க? 'ஆன்சர் கீ'யில இருக்கறது இதுதான். எழுதினா மார்க், எழுதாட்டி உன் இஷ்டம்" என்றார். திருத்துகிறவரின் வசதிக்காக ஒருத்தியின் கடலையே மாற்றி எழுதச் சொல்கிறோமே என்று அந்த அம்மாவுக்கு உறைக்கவே இல்லை. அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி, பாவம் அவரும் என்ன செய்வார் என்று என்னிடம் பலர் சொல்லிவிட்டார்கள். நெருக்கடி எல்லோருக்கும்தான் இருந்தது, அதை இறக்கி வைக்க அவருக்கு எங்கள் தலைதான் கிடைத்தது.

அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. கௌசி தன் இஷ்டத்துக்கு எழுதினாள். விடைத்தாள்களைக் கொடுத்த அன்று பெஞ்சுக்கு அடியில் வைத்து அவள் எழுதியதைப் படித்தேன். பக்கத்து ஊர்க் கரையைக் காப்பாற்றக் கல் கொட்டிய பிறகு தங்கள் கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருவதையும், மணலில் இழுத்துவிட்ட படகுகள் இப்போது வீடுகளுக்கு நடுவில் நிற்பதையும், இன்னும் கொஞ்ச வருடத்தில் தங்கள் வரிசை வீடுகளே இருக்காது என்பதையும் எழுதியிருந்தாள். உட்தலைப்பு இல்லை, முடிவுரை இல்லை, எழுத்துப் பிழை நிறைய இருந்தது. எனக்கு அதில் ஒரு இடம் அப்படியே மனதில் நின்றுவிட்டது. 'பாட்டில் வரும் பெண்ணுக்குக் காத்திருக்கக் கரை இருந்தது. எங்கம்மா ரோட்டில் பஸ் ஸ்டாப்பில் நின்று எங்கப்பாவுக்குக் காத்திருக்கிறார்.'

அந்தப் பக்கத்தின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், 'கற்பனை அதிகம். வினாவை ஒட்டி எழுதவும்' என்று எழுதி, மதிப்பெண்ணாக ஒரு சுழி. என் தாளில், நான் பார்த்தே இராத கடலுக்கும் எடுத்தே இராத சிப்பிக்கும் நேராக, 'அனுபவம் அருமை' என்று இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வருவது வருத்தம் அல்ல, ஆத்திரம்தான். கௌசி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

அந்தக் கேள்வியில் மதிப்பெண் போனதால் அவள் தேர்ச்சி பெறவில்லை. பொதுத்தேர்வில் நூறு சதவீதம் காட்டத் துடிக்கும் பள்ளியில் அரையாண்டில் தோற்பவளுக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாளே அவள் அம்மாவை வரச் சொல்லிவிட்டார்கள். வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்த அவரைத் தலைமையாசிரியை உட்காரச் சொல்லவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்த என் அத்தா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு தமிழம்மாவுக்குப் பின்னால் நானும், எனக்குப் பின்னால் கௌசியும் நின்றோம்.

"டி.சி. வாங்கிக்குங்கம்மா, ப்ரைவேட்டா எழுதட்டும். இவ ஒருத்தியால எங்க ரிசல்ட் போயிடும்" என்றார் தலைமையாசிரியை.

"இன்னாத்துல மேடம் பெயிலு?"

"சிறப்புத் தமிழ்ல. கடற்கரை பத்தின கேள்வியில மார்க்கே இல்ல."

அவள் அம்மா முதலில் விளையாட்டாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். பிறகுதான் எல்லோர் முகத்தையும் பார்த்தார். "கடல பத்தி எழ்தியா எம் பொண்ணு பெயிலு? அப்ப எவளுக்குத்தான் மார்க்கு குட்த்தீங்க?" தமிழம்மாவின் பார்வை தானாக என் பக்கம் திரும்பியது.

என் அத்தா இடையில் புகுந்து சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "ஸ்கூல் பேருதாம்மா நம்ம ஊருக்கும் பேரு. டீச்சர் குட்த்தத எழுதிட்டுப் போனா இன்னா கஷ்டம்?" என்றார். கடைசியில் தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். அந்த விடையை இப்போதே பிசகாமல் ஒப்பித்தால் 'மினிமம் மெட்டீரியல்' பெஞ்சில் உட்கார வைத்துக்கொள்வாராம். தேர்ச்சிக்கு மட்டும் போதுமான நாலு பக்கத்தைக் கொடுத்து உருப்போட வைக்கும் பெஞ்சு அது.

கௌசி முன்னால் வந்து கைகட்டி நின்று, ஒரு சொல் தவறாமல் சொன்னாள். தந்தையாருடன் சென்றாள், முதன்முறையாகக் கடலைக் கண்டாள், அலைகள் பாதங்களைத் தழுவின. அவள் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் மெதுவாக, "எப்பம்மா நீ அப்பாகூட மாபல்லிபுரம் போன? அவரு இங்க எங்க கீறாரு?" என்று கேட்டார்.

"சும்மா இரும்மா, இது பாடம்" என்று சொல்லிவிட்டு கௌசி சிப்பியைப் பொறுக்கப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சண்டை போட்டேன். "என்னைய எப்ப அத்தா கடலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கத்தினேன். "அதான் மார்க்கு குட்த்துட்டாங்களே, அப்பறம் இன்னா?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். எங்கள் பெரியவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு பதில்தான் தெரிந்திருந்தது. பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கௌசி நாலு பக்கத்தை எழுதித் தேறினாள். பள்ளி வாசலில் நூறு சதவீதம் என்று பேனர் கட்டினார்கள். நான் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போகக் கூப்பிட்டபோது, "தமிழா? வாணாம்டி, பேஜாரு" என்று சொல்லிவிட்டு மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தாள். பாடத்திட்டம் கூப்பிட்ட பெண்ணை மதிப்பெண் விரட்டிவிட்டது. இதை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டில் வேலை பார்க்கும் நான் போன மாதம் அவளைப் பார்க்க சட்ராஸுக்குப் போனேன். பின்சுவர் கடலைப் பார்த்த அந்த வரிசை வீடுகள் இல்லை. அந்த இடத்தில் கறுப்புப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அலை அதில் மோதித் திரும்புகிறது, கால் வைக்க மணல் கிடையாது. 'கற்பனை அதிகம்' என்று அந்த அம்மா கோடு இழுத்த ஒவ்வொரு வரியும் நடந்துவிட்டது. கௌசி குடும்பம் சாலைக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறது. நான் போனபோது அவள் தங்கையைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை அதே பள்ளியில் அதே சிறப்புத் தமிழ் படிக்கிறாள், அதே விடை இப்போது பி.டி.எஃப். ஆக எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறதாம்.

"'வாழ்வில் முதன்முறையாக...'" என்று தங்கை திணறினாள். கைப்பேசி அணைந்து மடியில் கிடக்க, "'அன்றுதான் கடலைக் கண்டேன்'" என்று கௌசி எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீயுமாடி இதைச் சொல்லிக் குடுக்கற?" என்றேன்.

"மொதல்ல பாஸாவட்டும்டி."

"நீ அன்னைக்கு எழுதினது ஞாபகம் இருக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "இன்னாவோ எழுதனேன். மறந்து பூட்ச்சு."

அரையாண்டு விடைத்தாள்களைப் பள்ளியில் அந்தக் கோடையிலேயே எடைக்குப் போட்டிருப்பார்கள். கரை போய்விட்டது, அதைப் பற்றி அவள் எழுதிய பக்கமும் போய்விட்டது. மிஞ்சியது எனக்குத் தெரிந்த அந்த ஒரு இடம்தான். அதைச் சொன்னேன், பாட்டில் வரும் பெண்ணையும் கரையையும், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அவள் அம்மாவையும்.

"நானா எழுதனேன்?" என்றாள் கௌசி. கற்கள் கிடந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். "நல்லாத்தான் கீது."

பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "உம், அப்பறம்? 'சிப்பி ஒன்றைக் கண்டெடுத்து'... சொல்லு" என்றாள்.