பச்சையாக நின்ற கோதுமை

பனியன் கம்பெனித் தூசி என் கணவரின் நெஞ்சில் குடியேறிவிட்டது. கட்டிங் செக்‌ஷனில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். "இனி கம்பெனிப் பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொன்ன பிறகு, குண்டடத்தில் மாமனார் விட்டுப்போன தோட்டத்துக்கே குடிபோனோம். நான் மட்டும் கம்பெனி வேனில் செக்கிங் வேலைக்குப் போய் வந்தேன். ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடாது. அவருக்கு அந்த மண்ணை விட்டால் வேறு கதியில்லை.

ஐப்பசியில் சம்பா கோதுமை விதைத்தார். கம்பெனியில் இருக்கும் வடநாட்டுப் பிள்ளைகள் ரொட்டிக்கு வாங்கிக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். ஊரே சிரித்தது. மழை காலை வாரியதும் இன்னும் நன்றாகச் சிரித்தது. கிணறும் அடி தட்டிவிட்டது.

அவர் நம்பியது மண்புழு உரத்தை. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தொட்டி கட்டி, சாணமும் சோளத்தட்டும் போட்டுப் புழு வளர்த்தார். மக்கிய உரத்தில் நுண்ணுயிர்க் கலவையும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, ஈரச் சாக்கால் மூடி ஊட்டம் ஏற்றினார். துணியைத் தடவிப் பார்த்துப் பழகிய கை, உரத்தையும் அப்படியே தடவிப் பார்க்கும். உரம் எட்டாத ஓரம் தை மாதத்தில் கருகியது. உரம் போட்ட இடம் மட்டும் அரைத் தண்ணீரிலேயே கதிர் வாங்கிப் பச்சையாக நின்றது. மண்ணைக் கிளறினால் உள்ளே ஈரம் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் பச்சை இல்லை என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. மயில்கள் யோசித்தன. கூட்டமாக இறங்கிப் பால்கதிரைக் கொத்தின. பனியன் வேஸ்ட் துணியைக் கயிற்றில் கட்டினோம், தகரம் தட்டினோம். பறந்துபோய் வேலியில் உட்கார்ந்துவிட்டு, நாங்கள் திரும்பியதும் மறுபடி இறங்கின.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சோளத்தில் விஷமருந்து கலந்து கொண்டுவந்தார். "ரெண்டு எடத்துல போட்டு உடுங்க. அப்பறம் வராதுங்க."

"முருகன் ஏறுற வாகனமுங்க. நம்ம கையால வேண்டாமுங்க" என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முருகனுக்கு ஒரு மயிலு போதுமுங்க. இத்தன கூட்டமும் ஆருக்குங்க?" என்றேன். அவர் பொட்டலத்தை வந்தவர் பக்கமே தள்ளிவிட்டார். வந்தவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே கதிரெல்லாம் போயிற்று. பிறகு மயில்கள் தொட்டிக்கு வந்தன. சாக்கை விலக்கிப் புழுக்களைப் பொறுக்கித் தின்றன. உரம் வேலை செய்யவில்லை என்றாலாவது மனசு ஆறியிருக்கும். அத்தனை நன்றாக வேலை செய்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பங்குனியில் அவர் பழைய கட்டிங் மேஜைக்கே போனார். டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்றார். இப்போது கம்பெனி வேனில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறோம். அவர் இரும ஆரம்பித்தால் டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.