நிலா விடும்வரை தேத்தண்ணி கிடையாது

கிரகண நேரத்தில் யாராவது பெண் பார்ப்பார்களா? பார்த்தார்கள். போன பௌர்ணமிப் போயா அன்று, ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், என் அக்கா வீட்டில். தாய்மாமன் என்ற முறையில் நானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

போயா என்றால் எல்லோருக்கும் லீவு. அதனால்தான் அந்த நாளைப் பிடித்தோம். கலண்டரில் நல்ல நேரமும் பார்த்தோம். அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் ‘சந்திர கிரகணம்’ என்று போட்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. நல்ல நேரம் தேடுகிற அவசரத்தில் வேறென்ன கண்ணில் படும்?

பண்டாரவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மதியமே வந்திருக்க வேண்டும். எல்ல சந்தியில் சுற்றுலா வாகனங்களுக்கு நடுவே அவர்களுடைய வேன் மாட்டிக்கொண்டது. வந்து சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. அக்கா முறுக்குத் தட்டை நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டியவர், சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயோ... இன்னிக்கு கிரகணமாச்சே! நிலா பிடிச்சபடிதான் எழும்பும்னு கோயில்ல சொன்னாங்க. வந்த அவசரத்துல மறந்தே போச்சு.”

“இப்ப என்னங்க செய்யிறது?” என்றாள் அக்கா.

“நிலா முழுசா விடுற வரைக்கும் பச்சத்தண்ணி கூட வேணாங்க. வெளியிலயும் எறங்கக்கூடாது. இருந்துட்டே போறோம்.”

அவ்வளவுதான். தட்டு உள்ளே போயிற்று. என் கையிலிருந்த தேத்தண்ணியையும் அக்கா பிடுங்கிக்கொண்டு போனாள்... ஒரு வாய்கூட குடிக்கவில்லை! முறுக்கும் இல்லாமல், தேத்தண்ணியும் இல்லாமல் இரண்டு வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலைப் பார்த்தேன், மறுபடி எழுந்தேன்.

தேத்தண்ணி இல்லாதது மட்டும் காரணமில்லை. அதே லயத்தில், வெளி வாசல் வழியாகப் போகவேண்டிய பக்கத்து வீட்டுக் காம்பராவில் நாங்கள் ஓர் ஆளை ஒளித்து வைத்திருந்தோம்.

கிரகணம் என்ற சொல்லை நாம் வானத்தைப் பார்த்துச் சொல்வதைவிட மனுசரைப் பார்த்துச் சொல்வதுதான் அதிகம். முகம் வாடியிருந்தால் “என்னடா, கிரகணம் பிடிச்ச மாதிரி இருக்க?” என்கிறோம். கடையில் வியாபாரம் படுத்தால், பக்கத்தில் புதிதாகக் கடை போட்டவனைக் கிரகணம் என்கிறோம். என் அக்கா வீட்டுக் கிரகணத்துக்கு ஒரு பெயரே இருந்தது — நிரோஷா. அக்காவின் இளைய மகள். பளிச்சென்று இருப்பாள், கலகலவென்று பேசுவாள். பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை.

பெண் பார்க்க வந்தது மூத்தவள் தர்ஷினியை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அமைதியானவள். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான்: “சின்னவளக் குடுக்குறதா இருந்தா பேசலாம்.” அதைக் கேட்டுவிட்டு அவள் மறுநாள் வேலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தத் தடவை சின்னவள் கண்ணில் படவே கூடாது என்று குடும்பமாக முடிவெடுத்தோம். மூத்தவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்தவர்கள் திட்டப்படி அரை மணி நேரத்தில் போயிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். இப்போதோ பேச்சு தீர்ந்துவிட்டது. தேயிலை, மழை, பஸ் கட்டணம் எல்லாம் முடிந்தது. பேச்சு தீர்ந்தால் கேள்வி வரும், இல்லையா?

“ரெண்டு பொண்ணுன்னு சொன்னாங்களே, சின்னது எங்கங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“கடைக்கு வேலைக்குப் போயிருக்குங்க” என்றார் அக்கா வீட்டுக்காரர்.

“போயா அன்னிக்கா?”

அக்கா வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கலண்டரைப் பார்த்தேன்.

ஓரமாக உட்கார்ந்திருந்த தர்ஷினி எழுந்தாள். நேராக வாசல் கதவைத் திறந்தாள். “கிரகணத்துல வெளிய போகாதடி!” என்று அக்கா கத்தினாள். “போகாதம்மா!” என்று மாப்பிள்ளையின் அம்மாவும் கூடவே கத்தினார். அன்றைக்கு அந்த இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விசயத்தில்தான்.

போனாள். தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் போடுகிற பழைய சட்டையோடு நிரோஷா கூசிப்போய் நின்றாள். “வேணாங்கா... விடுக்கா...” என்று முனகினாள்.

“இவதான் என் தங்கச்சிங்க” என்றாள் தர்ஷினி. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “இவ இருந்தா என்னயப் பார்க்கமாட்டீங்கன்னு எங்க வீட்டுல பயம். ஒளிச்சு வச்சு எத்தன நாளைக்கு? இவளையும் பார்த்துக்கங்க. அப்புறமும் என்னயப் புடிச்சிருந்தா சொல்லுங்க.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் தப்பாகிவிடும் என்று பயந்திருப்பார், பாவம்! எனக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. அங்கே உட்கார முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

தேயிலை மலைக்கு மேலே நிலா ஒரு பக்கம் கருத்துப்போய் நின்றது. அதை யார் மறைப்பது? ராகுவா, கேதுவா? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அப்போதுதான் மண்டையில் ஏறியது — நிலாவில் விழுந்திருப்பது நாம் நிற்கிற இந்தப் பூமியின் நிழல். நாங்களோ இவ்வளவு காலமும் அந்தச் சின்னப் பெண்ணைக் கிரகணம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நிலா விட்டது. தேத்தண்ணி வந்தது. முறுக்கைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. “தகவல் சொல்றோம்” என்று சொல்லிவிட்டு வேன் ஏறினார்கள்.

அதன்பிறகு எங்கே தூங்குவது? ஃபோன் அடித்தால் பாய்வேன், அடிக்காவிட்டால் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன். “ஏதும் சொன்னாங்களா?” என்று அக்கா என்னிடம் கேட்பாள், நான் அக்காவிடம் கேட்பேன்.

நேற்று தரகர் பேசினார். “பொண்ணு நல்ல பொண்ணுதானாம். சின்னதப் பத்திப் பேச்சே எடுக்கல. ஆனா கிரகணத்துல, அதுவும் நாலு பேரு முன்னால, அம்மா சொல்லக் கேக்காம வாசல் தாண்டுற பொண்ணு நம்ம வீட்டுக்குச் சரிப்படாதுன்னு சொல்லிட்டாங்க.”

அக்கா அழுதாள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தர்ஷினிக்கு ஃபோன் எடுத்து, தரகர் சொன்னதை அப்படியே சொன்னேன். அழுகிறாளோ என்று ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

சிரித்தாள்.

“மாமா... மொத தடவையா என்னயப் பார்த்து வேணாம்னு சொல்லியிருக்காங்க!”