ஊட்டுக்கு வந்து கூப்புடுவாப்ல

நஜீமுதீன் மாஸ்டர் மேல் எனக்கு அப்போது பயங்கரக் கடுப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த இந்துமதி ஏதோ நல்லவள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அவர் எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது அறுபத்தொன்று. சம்சாரம் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஒரே மகள் சாயிமாவை உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டார். ராயபுரத்தில் நான் குடியிருக்கும் லைன் வீட்டில்தான் கடைசி அறையில் தனியாக இருந்தார். நான் அதே கம்பெனியில் செக்கிங். காலையில் ஒரே பஸ், சாயங்காலம் ஒரே சந்து. ஆனாலும் அவரோடு அதிகம் பேசமாட்டேன். யாருமே பேசமாட்டார்கள்.

காரணம் முதலாளி ஆறுச்சாமி. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவிநாசிபாளையத்திலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் வந்து, மாஸ்டரோடு ஒரே டேபிளில் நின்று துணி வெட்டியவர். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே தூக்குப்போசிச் சோறு. இன்றைக்கு அவருக்கு மூன்று யூனிட், உடுமலைப் பக்கம் கரண்ட் எடுக்கும் காற்றாடிகள், ஊட்டியில் பங்களா. டீ டைமில் நாலு பேர் சேர்ந்தால் அவரைத் திட்டாமல் எங்களுக்கு டீ இறங்காது. மாஸ்டர் மட்டும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அப்படிப் பேசாதீங்க. அவரு நம்மாளுங்க" என்பார். வந்துவிட்டாரய்யா வக்கீல் என்று இருக்கும். போகப் போக, அவர் வருவது தெரிந்தாலே பேச்சை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் எழுந்து போக ஆரம்பித்தோம். பெஞ்சில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து குடிப்பார்.

போன தீபாவளிக்கு போனஸைப் பாதியாக்கினார்கள். அமெரிக்காக்காரன் வரியைப் போட்டுவிட்டான், ஆர்டர் இல்லை, கம்பெனி தத்தளிக்கிறது என்று முதலாளியே மைக் பிடித்துப் பேசினார். குரல்கூடத் தழுதழுத்தது. எங்களில் பாதிப்பேர் ஐயோ பாவம் என்று நினைத்தோம், அதைச் சொன்னால் வெட்கக்கேடு. அடுத்த மாதமே மகன் ரித்தீஷுக்குக் கல்யாணம். மேடைக்குப் பூ விமானத்தில் வருகிறதாம். பெரிய மனிதர்களுக்கு வெள்ளி விளக்கு வைத்த பெட்டியில் பத்திரிகை. எங்களுக்கு, பஞ்ச் வைக்கும் மெஷினுக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார்கள். கல்யாணம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது யூனிட் ஷெட்டில் தொழிலாளர்களுக்கு விருந்து. கல்யாணத்துக்கு வந்துவிடாதே என்பதை இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது?

எங்கள் பக்கம் கல்யாணமென்றால் வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, வாய் நிறையக் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிடாவிட்டால் சொந்தத் தம்பிகூடப் போகமாட்டான். "செவுத்துல ஒட்டுனாப் போயிருவமா? சோத்துக்கா செத்துக் கெடக்கறோம்?" என்று கொதித்தான் டெய்லர் நல்லான். நானூறு பேரில் ஒருத்தரும் போகக்கூடாது என்று முடிவானது. "மாஸ்டர் காதுக்கு மட்டும் போகக் கூடாது. அடுத்த நிமிசம் ஆபீசுக்குப் போயிரும்" என்றான். முதலில் தலையாட்டியவள் நான்தான்.

மாஸ்டரோ வேறு நினைப்பில் இருந்தார். "அந்தத் தாளு மத்தவங்களுக்குங்க. எனக்கு ஆறுச்சாமி ஊட்டுக்கு வந்து கூப்புடுவாப்ல" என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொன்னார். அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு வாங்கிப் போட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். டீ குடிக்கக்கூடப் போகவில்லை, அந்த நேரம் பார்த்து அவர் வந்துவிட்டால்? எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மூன்றாவது ஞாயிறு கார் வந்தேவிட்டது. ஆறுச்சாமியும் சம்சாரமும் தாம்பாளத்தோடு இறங்கினார்கள். மாஸ்டர் உள்ளே ஓடி நாற்காலிகளைத் துடைத்தார். அவர்கள் நேராக எதிர் மாடிக்கு ஏறினார்கள். அங்கே இருப்பவர் எங்கள் லைன் வீட்டின் சொந்தக்காரர் தண்டாயுதபாணி, முதலாளிக்கு மாமன் முறை. கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது மாஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பத்தடி தூரம்தான். ஆறுச்சாமி பார்த்தார். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "நல்லாருக்கீங்களா மாஸ்டர்? விருந்தன்னைக்கு ஷெட்டுக்கு வந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்றார். கார் போய்விட்டது.

தண்ணீர்க் குடத்தோடு நான் அங்கேதான் நின்றேன். நல்லா வேணும் இந்த மனுஷனுக்கு என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அவரே என்னிடம் வந்தார். "நீங்க பேசுனதெல்லாம் செரிதான் கண்ணு. அவங்க வேற, நாம வேற. இத்தன வருசம் நாந்தான் முட்டாளாட்டப் பேசிட்டிருந்திருக்கறேன்" என்றார். கூடவே, "ஷெட்டுக்கே வந்தர்றேன். உங்க எல்லார்த்தோடயும் ஒரே பந்தில உக்காந்து எத்தன நாளாச்சு" என்றார்.

யாரும் போகவில்லை மாஸ்டர் என்ற மூன்று வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. நல்லான் சொன்னதும் கூடவே நினைவுக்கு வந்தது. ஒருவேளை வேவு பார்க்கிறாரோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். சீ, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

விருந்தன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் அத்தர் பூசிக்கொண்டு கிளம்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போதும் கூப்பிட்டிருக்கலாம்.

ஒரு மணிக்குக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. "நம் குடும்ப விருந்து" என்று மேனேஜர் எழுதியிருந்தார். ஷெட் முழுக்க வரிசை வரிசையாக இலை. நடு வரிசையில் மாஸ்டர் மட்டும். பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தார், யாருக்கோ இடம் பிடித்து. எங்களுக்கென்று தனியாக இருந்த இன்னொரு குரூப்பில் அந்தப் போட்டோவைப் போட்டு, நக்கிப் பிழைக்கிறவன், சோத்துக்குச் செத்தவன் என்று நாக்கில் நரம்பில்லாமல் எழுதினார்கள். அவருக்குத் தெரியாது என்று நான் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் என்னையும் ஒதுக்கிவிடுவார்களே என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை டீ டைமில் அவர் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராக என் டேபிளுக்கு வந்தார். நான் நிமிராமல் பனியனில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன்.

"மூணு மணி வரைக்கும் இலையத் தொடாம உக்காந்திருந்தேன் கண்ணு. பஸ் கெடைக்கல போல, வந்துருவாங்கன்னு பரிமாறுறவங்ககிட்டச் சொல்லிட்டே இருந்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் போகாம உங்களோட நின்னிருப்பேனுல்லோ?"