அகைதியின் பத்து மைக்குகள்

எங்கள் தீவில் புதிதாக ஒரு பொருள் வந்து இறங்கினால் அது வேலை செய்கிறதா என்று யாரும் முதலில் பார்ப்பதில்லை. ஜெபம் ஆயிற்றா என்றுதான் கேட்பார்கள். மீன்பிடிப் படகு, பள்ளிக்கூடக் கழிப்பறை, ஊர் தண்ணீர் மோட்டார் எல்லாமே தேவாலயத்து டீக்கன் அபெராவின் கை பட்டுத்தான் ஓட ஆரம்பித்தன. மோட்டார் மூன்றாம் மாதம் நின்றுபோனதற்கு மட்டும் அவர் பொறுப்பில்லை. அது எங்கள் பாவம்.

அகைதிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. எங்கள் பசிபிக் தீவான ராரோடோங்காவின் தென்கரையில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வாஷிங் மெஷின்களைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். வயது நாற்பத்து மூன்று. சுற்றாத மெஷினைக் கண்டால் பெல்ட்டை மாற்றிப் பார்ப்பாள், சுற்றவில்லை என்றால் மோட்டாரை மாற்றிப் பார்ப்பாள். மண்டியிட்டுப் பார்த்ததில்லை.

வீட்டுப் பின்னறையில் அவள் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தாள். எதிரொலி வராமலிருக்க, பூ வேலைப்பாடு செய்த கைத்தையல் போர்வைகளைச் சுவரெங்கும் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். எங்கள் ஊரில் அந்தப் போர்வையைக் கல்யாணத்துக்குக் கொடுப்போம், செத்தவர்களைப் போர்த்திப் புதைப்போம். ஆணியடித்தவள் இவள் ஒருத்திதான்.

"செத்தவங்க போத்திக்க வேண்டியதைப் போய் சுவத்துல அடிச்சிருக்கியே" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "செத்தவங்களுக்கு எதிரொலி கேக்காது. எனக்குக் கேக்குதே" என்றாள்.

அவளிடம் இருந்த ரெக்கார்டிங் பெட்டியில் இரண்டே துளைகள், அதாவது இரண்டே மைக்குகள். ஊர் ஆண்களின் தாளக்குழுவுக்கு அது போதுமாயிருந்தது. தலைவனுக்கு ஒன்று, தலைவன் தம்பிக்கு ஒன்று. மற்ற எட்டுப் பேர் அடிப்பது தூரத்து மழை மாதிரி பின்னால் கேட்கும். யார் முன்னால் மைக் இருக்கிறதோ அவன் கலைஞன், இல்லாதவன் இரைச்சல். இந்தச் சட்டம் எங்கள் தீவில் மட்டும் நடப்பதல்ல.

அந்த வருடம் ஒன்பது பெண்கள் சேர்ந்து ஒரு தாளக்குழு தொடங்கினார்கள். தலைவி தெபயேரு, சந்தையில் தாரோக் கிழங்கு விற்பவள். பாதே என்று நாங்கள் சொல்கிற குடைந்த மரத்தாளத்தில் இரண்டு குச்சிகளால் அவள் அடித்தால் கேட்பவனின் இடுப்பு அவனைக் கேட்காமலே ஆடும். குழுவில் ஓர் ஆண் கட்டாயம் இருக்கவேண்டும் என்றது, ஆகஸ்டில் நடக்கும் ஊர் விழாவின் கமிட்டி. அதற்காக விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் நூரோவாவைப் பிடித்துவந்து பெரிய தோல் முரசின் முன்னால் நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் விழாவுக்கு ஆறு குழுக்களைக் கமிட்டி தேர்ந்தெடுக்கும். ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒலிப்பதிவைக் கொடுத்தாக வேண்டும். கமிட்டித் தலைவர், வேறு யார், டீக்கன் அபெராதான். பெண்கள் இரண்டு மாதம் முன்பே இரண்டு மைக்கில் பதிந்து கொடுத்ததைக் கேட்டுவிட்டு, "என்னம்மா இது, கூரையில மழை பெய்யுற சத்தமா இருக்கு? இதுல தாளம் எங்க?" என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

உடனே அகைதி ஆக்லாந்தில் மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து எட்டுத் துளைப் பெட்டி ஒன்றைப் பழைய சாமான் விலைக்கு வாங்கினாள். கெடுவுக்கு முந்தின வாரம், வெங்காய மூட்டைகளோடு கப்பலில் அது வந்து சேர்ந்தது. எட்டு மைக்குகளை ஊரெல்லாம் இரவல் வாங்கினாள். பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் ஒளிக்கம்பியால் இணைத்தாள். இரண்டும் இரண்டும் நாலு என்பதுபோல இரண்டும் எட்டும் பத்து. திங்கட்கிழமை சோதித்தாள், தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை திறப்புவிழா. அகைதி வேண்டாமென்றாள். குழுவில் பாதிப் பேர் தேவாலயத்துப் பாடகிகள், அவர்கள் விடவில்லை. தேங்காய்ப்பாலில் ஊறிய பச்சை மீனை அகைதி அடுக்களையிலிருந்து கொண்டுவருவதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது. ரிப்பனும் வெட்டியாயிற்று, அவள் இன்னும் அடுக்களையில்.

"எதை அமுக்கணும்?" என்றார் டீக்கன்.

"ஏற்கெனவே ஓடிட்டுதான் இருக்கு, டீக்கனய்யா" என்றான் நூரோவா.

"அமுக்காம என்னடா திறப்புவிழா?"

புதுப் பெட்டியில் விளக்கு எரிந்த சின்னப் பொத்தான் ஒன்றைப் பார்த்து அமுக்கினார். பச்சை விளக்கு மஞ்சளானது. எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

புதன்கிழமை பதிவு. போட்டுக் கேட்டால், அடிக்கு அடி ஈர விறகு எரிவதுபோல் டிக், டிக் என்று வெடிப்பு. ஒவ்வொரு பெண்ணின் தாளத்திலும் அது இருந்தது. தெபயேருவின் பாதேயில் இன்னும் மோசம். இரண்டு மைக்கில் மட்டும் இல்லை. இரண்டும் நூரோவாவின் முரசின் முன்னால் இருந்தவை; மீதி எட்டை ஒன்பது பெண்களும் பங்குபோட்டிருந்தார்கள்.

செய்தி டீக்கனிடம் போய்ச் சேர அரைமணி நேரம் ஆகவில்லை. வந்தார், கேட்டார், முகம் மலர்ந்தது.

"ஆம்பளை அடிச்சது சுத்தமா இருக்கு, பொம்பளைங்க அடிச்சதெல்லாம் பொரியுது. இதுக்கு மேல என்னம்மா சாட்சி வேணும்? பாதேக்குள்ள மூதாதைங்க இருக்காங்க. பொம்பளை கை பட்டா பொறுக்க மாட்டாங்க."

"மூதாதைங்களைக் கும்பிட்டா நரகம்னு போன ஞாயித்துக்கிழமைதானே பிரசங்கம் பண்ணீங்க?" என்றாள் தெபயேரு.

"அது வேற, இது வேற."

"ஆமாமா. ஞாயித்துக்கிழமைன்னா அவங்க பிசாசு, புதன்கிழமைன்னா உங்க சாட்சி."

டீக்கன் அவளைப் பார்க்காமல் அகைதியிடம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை இதைக் கொண்டுவராதே. கமிட்டி நேரத்தை வீணாக்காதே."

பெண்களில் மூன்று பேர் அப்போதே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒருத்தி அழுதாள். இருநூறு வருடங்களாகப் பிரசங்கத்தில் சொல்லிச் சொல்லி ஊறவைத்த பயம், ஒரு டிக் சத்தத்தில் வெளியே வந்துவிட்டது. எனக்கு டீக்கன்மேல் வந்ததைவிட அந்த இருநூறு வருடங்கள்மேல்தான் கோபம் வந்தது.

அகைதி அழவில்லை. வியாழக்கிழமை எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டாள், டீக்கனையும் கூப்பிட்டாள். நூரோவாவின் மைக்குகளைப் பழைய பெட்டியிலிருந்து உருவிப் புதுப் பெட்டியில் செருகினாள். அந்த இடத்துக்குத் தெபயேருவின் மைக்கையும் இன்னொருத்தியின் மைக்கையும் மாற்றினாள்.

"அதே ஆளுங்க, அதே தாளம். துளை மட்டும்தான் வேற. அடிங்க."

அடித்தார்கள். போட்டுக் கேட்டோம். தெபயேருவின் பாதே கண்ணாடிபோல் இருந்தது. நூரோவாவின் முரசு வெடித்துத் தள்ளியது.

"அய்யோ, என் மேலயும் மூதாதைங்களுக்குக் கோவமா?" என்றான் நூரோவா.

டீக்கன் அசரவில்லை. "பொம்பளைங்க கூடவே நின்னியே, உனக்கும் ஒட்டிக்கிச்சு."

"அப்ப எனக்கு எப்படிக் கழண்டுச்சு, டீக்கனய்யா?" என்றாள் தெபயேரு.

அகைதி அதற்குள் பெட்டியின் பின்னால் குனிந்திருந்தாள். நிமிர்ந்தவள் மஞ்சள் விளக்கைக் காட்டினாள்.

"இது பச்சையில இருக்கணும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு கடிகாரம் இருக்கு. நொடிக்கு நாப்பத்தெட்டாயிரம் தடவை சத்தத்தை நறுக்குது. ரெண்டு பெட்டியும் சேந்து ஓடணும்னா ஒண்ணு சொல்ற நேரத்தை இன்னொண்ணு கேட்டு நடக்கணும். பச்சைன்னா கேக்குதுன்னு அர்த்தம். மஞ்சள்னா, நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்னு அர்த்தம். ரெண்டும் இடிச்சுக்கிற இடத்துலதான் இந்த டிக். யாரு இதை அமுக்கினது?"

எல்லோரும் டீக்கனைப் பார்த்தோம்.

"ஆசீர்வாதம் பண்ணத்தான் அமுக்கினேன்" என்றார் அவர்.

அகைதி பொத்தானைப் பச்சைக்குக் கொண்டுவந்தாள். நூரோவாவின் இரண்டு மைக்குகளில் ஒன்றைப் பிடுங்கிப் பெண்களுக்குக் கொடுத்தாள்; அன்று மாலைக்குள் பத்து மைக்கிலும் பத்துப் பேரின் தாளமும் தனித்தனியாகக் கேட்டது. தன் தாளத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாகக் கேட்ட ஒருத்தி, "இது நானா?" என்று மூன்று தடவை போடச்சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை விழா மண்டபம். கமிட்டி கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்ற சனமும் கேட்டது. இரண்டாவது நிமிடத்திலேயே வெளியே இடுப்புகள் ஆட ஆரம்பித்தன. கமிட்டிச் செயலாளர் ரூட்டா அறுபது வயதுக்காரி, பேனாவைப் பிடித்தபடியே மேசைக்கடியில் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் டீக்கன் விண்ணப்பத் தாளை இழுத்தார். "சரி, எடுத்துக்கலாம். தலைவர் பேரு நூரோவான்னு போடு, ரூட்டா. தலைவர் ஆம்பளையாத்தான் இருக்கணும். விதி."

"அய்யோ, நான் இல்ல டீக்கனய்யா" என்றான் நூரோவா. "தெபயேரு புருவத்தைத் தூக்குவா, நான் அடிப்பேன். அவ்வளவுதான் என் வேலை."

"அப்ப குழுவுக்கு இடமில்ல."

பெண்கள் தெபயேருவைப் பார்த்தார்கள். தெபயேரு அகைதியைப் பார்த்தாள். அகைதி ரூட்டாவிடம் கேட்டாள்: "அந்த விதி எந்தப் பக்கத்துல இருக்கு, அக்கா? பாத்துட்டுப் போறோம்."

ரூட்டா விதிப்புத்தகத்தை எடுத்தாள். எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பதினோரு பக்கம்தான். கடைசி அட்டைவரை போய்த் திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள்.

"இதுல இல்லியே, டீக்கனய்யா. இருபது வருஷமா நீங்க வாயால சொன்னீங்க, நான் எழுதிட்டேன்."

"வழக்கம்மா அது. வழக்கமும் விதிதான்."

"குழுவுல ஒரு ஆம்பளை கட்டாயம்னீங்களே, அதுவும் இதுல இல்ல" என்றாள் ரூட்டா. பிறகு அவர் சொல்லக் காத்திராமல், தலைவர் என்ற கட்டத்தில் தெபயேருவின் பெயரை எழுதி முத்திரை குத்தினாள்.

"அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?" என்றான் நூரோவா, உண்மையான நம்பிக்கையோடு.

"எங்கடா போற?" என்றாள் தெபயேரு. "நாளையிலேருந்து தினமும் ஒத்திகை. ஆறு மணிக்கு வந்துடு."