மூரூம் ஒரு கட்டு

இன்று பெங்களூர் அல்சூர் மார்க்கெட்டில் ஓர் இளம்பெண், கீரைக்கார அம்மாவிடம் "மூரூம்" கேட்டாள்.

"என்னம்மா கேக்குது இது?" என்று அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை.

அவளே முருங்கைக்கீரையைத் தொட்டுக் காட்டினாள்.

ஆங்கிலத்தில் பேசினாள். மொரீஷியஸ்காரி. இங்கே வேலை. பூர்வீகம் தமிழாம்; வீட்டில் ஒருவருக்கும் தமிழ் தெரியாதாம். அம்மா வைக்கும் மூரூம் சாற்றுக்கு நாக்கு ஏங்குகிறதாம்.

"முருங்கை" என்றேன். மறுபடி சொல்லச் சொல்லி, போனில் பதிந்து அம்மாவுக்கு அனுப்பினாள். கண் கலங்கியிருந்தது.

நான் விவரம் சொன்னதும் கீரைக்கார அம்மா ஒரு கட்டு சேர்த்தே கொடுத்தார். "நம்ம பொண்ணுதாம்மா. எவ்ளோ தூரம் போய்ட்டு வந்திருக்கு!"

வீட்டில் நான் கீரைக்கட்டைப் பிரித்ததும் என் மகள் அலறினாள்: "மம்மி, மறுபடியும் டிரம்ஸ்டிக் லீவ்ஸா?"

இதில் கடல் தாண்டிப் போனது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.